சொந்தத்தில் முடித்தால்

நெய்வேலி, 21-வது வட்டம்
ஜனவரி 6, 2025

இளவழகன் மாமாவுக்கு,

நீ என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். குடும்ப வாட்ஸப் குழுவிலிருந்தும் கிளம்பிவிட்டாய். தபால்காரரை பிளாக் செய்ய இன்னும் வழி வரவில்லை, அதனால் இந்தக் கடிதம். உன்னோடு ராஜஸ்தான் சுரங்கத்துக்கு கன்வேயர் பெல்ட் ஒட்டும் வேலைக்குப் போயிருக்கும் வேணு அண்ணனின் மனைவியிடம் முகவரி வாங்கினேன். அவர்களைத் திட்டாதே. அழுவதுபோல நடித்துத்தான் வாங்கினேன். பாதியில் அது நடிப்பாக இல்லாமல் போனது வேறு விஷயம்.

தை பிறந்ததும் பரிசம் என்று என் அப்பாவும் உன் அம்மாவும் பேசி முடித்தார்கள். அண்ணனும் தங்கையும் சம்பந்தி ஆவதில் இரண்டு பேருக்கும் அவ்வளவு சந்தோஷம். நீயும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாய். யாரும் உன் கழுத்தைப் பிடித்துச் சம்மதிக்க வைக்கவில்லை. நான் பள்ளியில் டீச்சர்களுக்கெல்லாம் பால்கோவா கொடுத்துவிட்டேன். புடவை எடுக்கக் கிளம்புகிற வாரத்தில் உன்னிடமிருந்து ஒரு வரி வந்தது: "எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம் மொழி, காரணம் கேட்காதே." மறுநாள் ரயில் ஏறிவிட்டாய்.

காரணம் கேட்காமல் இருக்க நான் என்ன மின்கம்பமா?

அத்தை நேற்று மந்தாரக்குப்பத்திலிருந்து வந்தார்கள். "அங்க ரெண்டு மடங்கு சம்பளம்னு கூப்ட்டாங்கடி, அதான் போயிட்டான். ரெண்டு மாசத்துல வந்துருவான். நீ மனசுல ஒண்ணும் வச்சிக்காத" என்றார்கள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. சம்பளத்துக்காகப் போனவன் கல்யாணம் வேண்டாம் என்று ஏன் சொல்கிறான் என்று கேட்டேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள்.

நானும் யோசித்துப் பார்த்தேன். வேறு பெண் இருந்தால் சொல், இரண்டு நாள் அழுதுவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். சுரங்கத்தில் நீ கான்ட்ராக்ட், என் அப்பா பெர்மனென்ட் என்று யாராவது ஏதாவது சொல்லி உன் ரோஷத்தைக் கிளப்பியிருந்தால் அவர் யாரென்று சொல், நான் பார்த்துக்கொள்கிறேன். என்னைப் பிடிக்கவில்லை என்றால் அதையும் சொல். ஒன்பதாம் வகுப்பிலிருந்து உன்னைத்தான் கட்டப்போகிறேன் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் நான். முதலில் அதைக் கேட்டால் எரிச்சலாக வரும். பிறகு எப்போதோ எரிச்சல் போய்விட்டது. எப்போது என்று எனக்கே தெரியாது.

காரணம் வேண்டும். நல்ல காரணமாக இருந்தால் விட்டுவிடுவேன். மழுப்பினால் ராஜஸ்தானுக்கே வருவேன், ஏப்ரலில் பள்ளி விடுமுறைதான்.

தமிழ்மொழி

*

பீகானேர் பக்கம்
ஜனவரி 17, 2025

மொழிக்கு,

போனில் பேசினால் நீ ஜெயித்துவிடுவாய். அதனால்தான் பிளாக் செய்தேன். எழுதினால் நிறுத்தி நிறுத்திச் சொல்லலாம். உன் கோபம் நியாயமானது. அதை மாற்ற இதை எழுதவில்லை.

வேறு பெண் இல்லை. என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. உன்னைப் பிடிக்கவில்லை என்று நான் சொன்னால் வேணுவே சிரிப்பான்.

என் வயிற்றில் தழும்பு இருப்பது உனக்குத் தெரியும். குடலிறக்க ஆபரேஷன் என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறார்கள். அது பொய். நான் பிறந்தபோது எனக்கு மலம் போகவில்லை. வயிறு கல்லாக உப்பி, பச்சையாக வாந்தி எடுத்தேனாம். மாந்தம் என்று சொல்லி, வெற்றிலைக் காம்பில் விளக்கெண்ணெய் தடவி ஆசனவாயில் வைத்தார்கள். வைத்த உடனே பீய்ச்சிக்கொண்டு வரும், வயிறு வற்றும், எல்லோரும் நிம்மதியாகத் தூங்குவார்கள். ஓரிரு நாளில் மறுபடி உப்பும், மறுபடி காம்பு வைப்பார்கள். எனக்கு முன்னால் அம்மாவுக்கு ஒரு பையன் பிறந்தது உனக்குத் தெரியுமா? அவனுக்கும் இதே வயிறு, இதே காம்பு. ஒரு மாதம் தாண்டவில்லை. என் முறை வந்தபோது தடுப்பூசி போட வந்த ஒரு நர்ஸ், "இது மாந்தம் இல்லம்மா, இன்னிக்கே பாண்டிச்சேரிக்குத் தூக்கினு போ" என்று சத்தம் போட்டாராம். அதனால் நான் இருக்கிறேன்.

ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோய் என்று பெயர். கருவில் குழந்தை வளரும்போது குடலை அசைக்கிற நரம்புச் செல்கள் மேலிருந்து கீழே இறங்கி வரவேண்டுமாம். எனக்கு அவை பாதி வழியில் நின்றுவிட்டன. எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன்: கடைசித் துண்டுக்கு மட்டும் கரன்ட் வராத பெல்ட். மேலே ஓடிக்கொண்டே இருக்கும், கீழே குவிந்துகொண்டே போகும். ஒரு வருடம் வயிற்றில் துளை போட்டு அதன் வழியாகத்தான் எனக்கு எல்லாம் போயிருக்கிறது. பிறகு அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு, நல்ல குடலைக் கீழே இறக்கித் தைத்தார்கள்.

பிழைத்துவிட்டேன், ஆனால் அவசரம் வந்தால் அடக்க முடியாது. வகுப்பில் ஏன் எப்போதும் கதவோரம் உட்கார்ந்தேன், ஊட்டி டூருக்கு ஏன் வரவில்லை, பையில் ஏன் எப்போதும் ஒரு மாற்று பேன்ட் என்று இப்போது உனக்கு விளங்கும். இதை இதுவரை ஒருவருக்கும் எழுதியதில்லை. கை கூசுகிறது.

தீபாவளி முடிந்து வயிற்று வலி அதிகமானதால் பாண்டிச்சேரி போனேன். டாக்டர் குடும்பத்தைப் பற்றி விசாரித்தார். அம்மா செத்துப்போன அண்ணனைப் பற்றிச் சொன்னதும் மரபணுப் பரிசோதனைக்கு எழுதினார். எனக்கும் அம்மாவுக்கும் ரத்தம் எடுத்தார்கள். ரெட் (RET) என்று ஒரு மரபணு இருக்கிறது. அதில் என்னிடம் ஒரு மாற்றம் இருக்கிறது, அது அம்மாவிடமிருந்து வந்தது. அம்மாவுக்கு ஒன்றுமே இல்லையே என்று கேட்டேன். மாற்றம் இருந்தும் நோய் வராமல் இருப்பவர்கள் உண்டு, பெண்களில் அது அதிகம் என்றார்.

நான் கட்டப்போவது மாமன் மகளை என்று சொன்னதும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அம்மாவுக்கு இருந்தால் அவருடைய அண்ணனுக்கும், அதாவது உன் அப்பாவுக்கும் இருக்கலாம். அவருக்கு இருந்தால் உனக்கும் இருக்கலாம். நம் இருவருக்கும் இருந்தால் பிள்ளைக்கு இரண்டு பக்கமிருந்தும் வரலாம். அப்படி வந்தால் குடல் முழுவதுமே நரம்பு இல்லாமல் போகலாம், அப்படிப்பட்ட குடும்பங்கள் குறைவு என்பதால் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.

எனக்கு அது போதும். நீ வெளியில் ஒரு நல்ல இடத்தில் கட்டிக்கொள். இதை யாரிடமும் சொல்லாதே.

இளவழகன்

*

நெய்வேலி
ஜனவரி 29, 2025

மாமா,

உலகத்திலேயே வெளிக்குப் போவதைப் பற்றி மூன்று பக்கம் எழுதி ஒரு பெண்ணை அழவைத்த முதல் ஆள் நீதான். பள்ளி ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து படித்தேன். என்ன ஆச்சு என்று கேட்டவர்களிடம் தூசு என்றேன். நெய்வேலியில் அந்தப் பொய் எப்போதும் செல்லும்.

அழுது முடித்ததும் கோபம் வந்தது. "யாரிடமும் சொல்லாதே" என்று நீ எழுதிய வரியை வைத்துக்கொண்டு நேராக மந்தாரக்குப்பம் போனேன். அத்தையிடம் கேட்டேன், இது எனக்கு ஏன் தெரியாது என்று. அத்தை முதலில் அழுதார்கள். பிறகு சொன்னார்கள்:

"வெளியில பொண்ணு எடுத்தா என் புள்ள வயித்தத் தெறந்து காட்டணும்டி. நாளைக்கு ஒரு வார்த்தை வந்தா அவன் தாங்குவானா? நம்ம வூட்டுப் பொண்ணுன்னா வெளிய போவாது. நீ அண்ணன் பொண்ணு, நீ வுட்டுக்குடுக்க மாட்டேன்னுதான் கேட்டேன்."

என் அப்பாவுக்கும் தெரியுமாம். தங்கை கண்ணைக் கசக்கியதும் சரியென்று சொல்லிவிட்டார். அதாவது சொந்தம் விட்டுப்போகக் கூடாது என்று நீங்கள் எல்லோரும் பேசினீர்களே, அது சொந்தத்துக்காக இல்லை. உன் தழும்பைப் போர்த்த ஒரு போர்வை தேவைப்பட்டது, அது நான். அதில் கூத்து என்ன தெரியுமா? ஒளிப்பதற்காக உள்ளேயே முடிக்கப் பார்த்தார்கள். உள்ளேயே முடிப்பதில்தான் ஆபத்து அதிகம் என்று உன் டாக்டர் சொல்கிறார். நம் ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் இந்தப் புத்தி வராது.

நீயும் அதைத்தான் செய்தாய். அவர்கள் என்னைக் கேட்காமல் சேர்த்துவைத்தார்கள், நீ என்னைக் கேட்காமல் பிரித்துவைத்தாய். உனக்கு இருக்கிறது, எனக்கு இருக்கலாம் என்று எழுதியிருக்கிறாயே, அந்த "இருக்கலாம்" யாருடையது? என்னுடையது இல்லையா?

நீ கை கூசி எழுதினாய், நானும் எழுதுகிறேன். நான் வாரத்துக்கு ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை. ஒரு வயதுவரை எனக்கும் காம்புதான் என்று அம்மா சொல்கிறாள். எல்லோரும் இப்படித்தான் என்று நினைத்திருந்தேன். காலேஜ் ஹாஸ்டலில்தான் மற்ற பெண்கள் தினமும் போவதைப் பார்த்து, இவளுங்களுக்கு என்ன இவ்வளவு சுறுசுறுப்பு என்று யோசித்தேன். என் அப்பா காலையில் கக்கூஸுக்குள் பேப்பரோடு போனால் வேலைவாய்ப்பு விளம்பரம்வரை படித்துவிட்டுத்தான் வருவார். அவர் உள்ளே இருக்கிற நேரத்தில் பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர்கள்கூடத் தண்ணீர் தீர்ந்துவிடுமோ என்று பார்த்துச் செலவழிப்பார்கள். குடும்பமே சிரித்த விஷயம் இது. உன் கடிதத்தைப் படித்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்பாவை ரத்தம் கொடுக்கக் கூப்பிட்டேன். "எனக்கு என்னா நோயி? முப்பது வருசமா ஷிப்ட் பாத்துக்கினு இருக்கேன், ஒருநாள் உடம்பு சரியில்லன்னு படுத்திருப்பனா? கல்யாணம் ஆவாத பொண்ணு இந்த டெஸ்டுக்கெல்லாம் போனா வெளிய என்னா பேசுவாங்க?" என்றார்.

அவர் வரவேண்டாம். சனிக்கிழமை நான் பாண்டிச்சேரி போகிறேன். உன் ரிப்போர்ட்டின் நகல் அத்தையிடம் இருந்தது, வாங்கிக்கொண்டேன். நான் ஒன்பதாம் வகுப்புக்கு நிகழ்தகவு நடத்துகிறவள். நாணயத்தைச் சுண்டாமலே பூ விழும் என்று பயந்து ஓடுகிறவனுக்கு என் வகுப்பில் மதிப்பெண் கிடையாது.

மொழி

*

பீகானேர் பக்கம்
பிப்ரவரி 8, 2025

மொழி,

இது உன் கைக்கு வரும்போது நீ ரத்தம் கொடுத்து முடித்திருப்பாய். இருந்தாலும் சொல்கிறேன், ரிசல்ட்டை வாங்காதே. தெரியாதவரைக்கும் தெரியாது என்று நீ உண்மையாகவே சொல்லலாம். தெரிந்துவிட்டால் அதற்கு மேல் ஒவ்வொரு மாப்பிள்ளை வீட்டிலும் பொய் சொல்ல வேண்டும், அல்லது உண்மையைச் சொல்லி அவமானப்பட வேண்டும். எனக்கு இருபத்தெட்டு வருடப் பழக்கம், நான் தாங்கிக்கொள்வேன். உனக்கு ஏன்?

போர்வை என்று எழுதியிருந்தாய். அது சுருக்கென்று தைத்தது. அம்மா அப்படி நினைத்திருக்கலாம். நான் நினைக்கவில்லை. பரிசம் பேசிய அன்று தலையாட்டியபோது எனக்கு நோய், ரத்தம் எதுவும் மனதில் இல்லை. நீ உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "மாமா தலையாட்டிட்டாரா, வாயத் தெறந்து சொல்லச் சொல்லுங்க" என்று கேட்டாய். எனக்கு அது மட்டும்தான் இருந்தது. ரிப்போர்ட் வந்தது அதற்குப் பிறகு.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. வயிற்றில் இருக்கும்போதே பிள்ளைக்கு இந்த மாற்றம் இருக்கிறதா என்று பார்க்க முடியுமா என்று டாக்டரிடம் கேட்டேன். முடியும் என்றார். பார்த்துவிட்டு என்ன செய்வது என்பதை நீங்கள் இருவரும்தான் முடிவு செய்ய வேண்டும் என்றார். வெளியே வந்து ஆஸ்பத்திரி மரத்தடியில் உட்கார்ந்தேன். அம்மாவுக்கு அன்றைக்கு இப்படி ஒரு பரிசோதனை இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்தேன். ஒரு பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்தவள். அடுத்ததும் அதேதான் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் பிறந்திருப்பேனா? அம்மாவைத் தப்புச் சொல்லவும் மனம் வரவில்லை. அம்மா கேன்டீனில் வாங்கிய வடையை நீட்டி, "சாப்புடு, வெறும் வயித்தோட உக்காந்துக்கினு என்னா யோசன" என்றாள். அவள் முகத்தைப் பார்க்காமலே வடையை வாங்கிக்கொண்டேன்.

என்னைப் போல ஒரு பிள்ளை வேண்டாம் என்று நான் சொன்னால், என்னையே வேண்டாம் என்று சொல்கிற மாதிரி இருக்கிறது. வேண்டும் என்று சொன்னால், நான் பட்டதை இன்னொருவனைப் படச் சொல்கிற மாதிரி இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் உன்னை நிறுத்த எனக்கு மனமில்லை. அதனால்தான் ரயில் ஏறினேன். கோழை என்று நினைத்தால் நினைத்துக்கொள்.

இங்கே சப்பாத்தி எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வேணு தினமும் எனக்காகத் தனியாகச் சோறு வடிக்கிறான். ஏன் என்று கேட்காமல் வடிக்கிறான்.

உன் அப்பாவோடு சண்டை போடாதே.

இளவழகன்

*

நெய்வேலி
மார்ச் 22, 2025

மாமா,

எனக்கும் இருக்கிறது.

உன்னிடம் இருக்கிற அதே மாற்றம், ஒரு எழுத்துப் பிசகாமல். கண்ணாடி முன்னால் போய் நின்று பார்த்தேன். நேற்று இருந்தவள்தான் நின்றுகொண்டிருந்தாள்.

அம்மா வேறு ஊர், வேறு வழி. எனவே எனக்கு இருந்தால் அது அப்பா கொடுத்ததாகத்தான் இருக்க வேண்டும். ரத்தம் கொடுக்க மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்ற மனிதர், கையை நீட்டாமலே மாட்டிக்கொண்டார். ரிசல்ட்டைச் சொன்னதும் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நைட் ஷிப்ட் பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் ஸ்டாப்பில் உட்கார்ந்துகொண்டார்.

இதற்கு நடுவில் எனக்கு ஒரு வரன் வந்தது. நீ வெளியில் கட்டிக்கொள் என்றாயே, வெளி எப்படி இருக்கிறது என்று கேள். பையன் ஜெயகணேஷ், சேத்தியாத்தோப்பில் வங்கி வேலை, பார்க்க நல்ல மாதிரி. அப்பா என்னிடம், "கேட்டா மட்டும் சொல்லு, நீயா ஆரம்பிக்காத" என்றார். காபி கொடுத்ததும் நானாகவே ஆரம்பித்தேன். எங்கள் குடும்பத்தில் குடல் சம்பந்தமாக ஒன்று இருக்கிறது, எனக்கு நோயாக வரவில்லை, அது பிள்ளைக்கு இறங்க பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறது, நோயாக வந்தால் பிறந்த உடனே ஆபரேஷன் செய்து காப்பாற்றலாம் என்றேன். பையனின் அம்மா கஸ்தூரியம்மாள் காபியை முழுக்கக் குடித்துவிட்டு என் கையைப் பிடித்தார்கள். "நல்ல பொண்ணும்மா நீ. மறைக்காம சொன்ன. ஆனா புள்ளகுட்டிக்காகத்தானம்மா கல்யாணமே பண்றோம்" என்றார்கள். கோபமில்லாமல் எழுந்து போனார்கள். அவர்கள் திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அவர்கள் போன பிறகு அப்பா கேட்டார்: "இத மட்டும் சொல்லாம வுட்டிருக்கலாமில்ல?"

"உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா, அம்மாவப் பொண்ணு பாக்கப் போனப்ப நீங்க சொல்லியிருப்பீங்களாப்பா?"

காபி டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கிவிட்டு, "சொல்லியிருக்க மாட்டேன்" என்றார். என் அப்பா எனக்குச் சொன்ன பதில்களிலேயே நேர்மையானது அது. மறுநாள் அவராகவே மந்தாரக்குப்பம் போனார். உன் அப்பா வீட்டு ஆட்கள் இத்தனை வருடமாக, முதல் பிள்ளையை கிரகணத்தில் வெளியே வந்து வாரிக்கொடுத்தவள் என்று அத்தையைப் பேசிக்கொண்டிருந்தது உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. அப்பா தங்கையிடம், "அது உன்னால வந்தது இல்ல செல்லக்கிளி. நம்ம ரெண்டு பேருக்கும் வந்திருக்கு, எனக்குந்தான் இருக்கு" என்று சொன்னாராம். அத்தை அன்று சாயங்காலம் எனக்குப் போன் செய்து, உங்க அப்பன் சொல்றது நெசமாடி என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

இனி நம் கதைக்கு வருகிறேன். நீ என்னைக் காப்பாற்றுவதற்காகப் போனாய். காப்பாற்ற ஒன்றுமில்லை. நீ எவ்வளவு தூரம் போனாலும் அது என்னோடுதான் இருக்கிறது. அதனால் அந்தக் காரணம் ரத்து.

ஆனால் உன் டாக்டர் பேனாவைக் கீழே வைத்த காரணம் இப்போது நிஜமாகிவிட்டது, அதையும் மறைக்க மாட்டேன். நானே போய் அவரிடம் உட்கார்ந்து கேட்டேன். நமக்குப் பிறக்கும் நாலு பிள்ளையில் ஒன்றுக்கு ஒன்றுமே இருக்காது, இரண்டுக்கு ஒரு பக்கத்து மாற்றம் மட்டும் இருக்கும், ஒன்றுக்கு இரண்டு பக்கமும் இருக்கும் என்பது கணக்கு. பிள்ளைகள் கணக்குப் பார்த்துப் பிறப்பதில்லை என்றும் சொன்னார்.

நீ மரத்தடியில் உட்கார்ந்து யோசித்ததற்கு என் பதில் இது. ஒரு பக்கம் மட்டும் என்றால் அந்தப் பிள்ளை நீ, இல்லாவிட்டால் நான். நம் இரண்டு பேரில் யாருக்கும் நான் பயப்படவில்லை. பாண்டிச்சேரியில் பெற்றுக்கொள்வோம், அறுக்க வேண்டுமென்றால் அறுப்பார்கள், நாம் பக்கத்தில் இருப்போம். இரண்டு பக்கமும் என்றால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. இன்றைக்கே வீரம் பேச மாட்டேன். அன்று நாம் இருவரும் சேர்ந்து முடிவு செய்வோம். பிள்ளையே வேண்டாம், ஒரு பிள்ளையை எடுத்து வளர்ப்போம் என்று நீ சொன்னாலும் எனக்குச் சம்மதம். உன்னைக் கட்டிக்கொள்வதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஒரு நிபந்தனை. பரிசத்துக்கு காடாம்புலியூரிலிருந்து என் அப்பா பக்கத்துச் சித்தப்பா, பெரியப்பா வழி ஆட்கள் எல்லோரும் வருவார்கள். அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் பிறக்கும். இன்னும் காம்புதான் வைக்கிறார்கள். அந்தச் சபையில் நீ எழுந்து நின்று, உனக்கு என்ன இருந்தது, எனக்கு என்ன இருக்கிறது என்று உன் வாயால் சொல்ல வேண்டும். நான் சொல்லலாம், எனக்குப் பயமில்லை. ஆனால் நான் சொன்னால் நீ என் பின்னால் ஒளிந்துகொண்டதாகிவிடும், நான் மறுபடி போர்வையாகிவிடுவேன். போர்வையாக நான் வரமாட்டேன். முடியாது என்றால் இந்தக் கல்யாணம் எனக்கு வேண்டாம். இதற்குக் காரணம் கேட்க வேண்டிய அவசியமில்லை, எழுதிவிட்டேன்.

மொழி

*

பீகானேர் பக்கம்
ஏப்ரல் 4, 2025

மொழிக்கு,

உன் கடிதம் வந்து நாலு நாள் பையிலேயே வைத்திருந்தேன். முதல் வரியைப் படித்தேன், அதற்கு மேல் போக முடியவில்லை. உனக்கு இருக்கக் கூடாது என்று நான் வேண்டாத சாமி இல்லை. பிறகு மீதியைப் படித்தேன். உன்னைத் தனியாக அந்த கஸ்தூரியம்மாள் முன்னால் உட்காரவைத்துவிட்டு நான் இங்கே பெல்ட் ஒட்டிக்கொண்டிருந்தேன் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. ரயில் ஏறியது தப்பு. இரண்டு பேருக்கும் சேர்த்து நான் ஒருவனே முடிவெடுத்தது அதைவிடப் பெரிய தப்பு.

சபையில் சொல் என்கிறாய். உனக்குச் சுலபமாகத் தோன்றும். என்னோடு வேலை பார்க்கிறவர்கள் முன்னால் நான் சட்டையைக் கழற்றியதில்லை, இந்த வெயிலிலும். நெய்வேலி வெயிலைவிட இங்கே வெயில் மோசம். அதனால் ஒத்திகை பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை தொட்டியடியில் வேணுவோடு குளிக்கும்போது சட்டையைக் கழற்றிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவன் தலைக்கு சோப்புப் போட்டுக்கொண்டே கேட்டான். "இவ்ளோதானா? நீ அடிக்கடி ஒதுங்குறத பாத்துட்டு உனக்கு ஏதோ கெட்ட பழக்கம்னு நெனச்சிக்கினு இருந்தேன். என் பொண்டாட்டிகிட்ட கூட சொல்லி வருத்தப்பட்டேன்" என்றான். இத்தனை வருடம் நான் மூடி வைத்ததற்குக் கிடைத்த நல்ல பெயர் இதுதான்.

பிறகு அம்மாவுக்குப் போன் செய்தேன். சபையில் சொல்லப்போகிறேன் என்றதும் பதறிவிட்டாள்.

"வேணான்டா. சொன்னா என்னத்தான பேசுவாங்க. ஒண்ண வாரிக்குடுத்தா, ஒண்ண ஓட்டையோட பெத்தான்னு."

"அவங்க பேசறதுக்குத்தாம்மா சொல்றேன். அண்ணன் செத்தது கிரகணத்தால இல்ல. அத நான் சொல்லாம வேற யாரு சொல்லுவா?"

அம்மா அழுதாள். போனை வைக்கவில்லை. மூக்கைச் சிந்திவிட்டு, "அப்ப நான் எங்க உக்காந்துக்கறது?" என்று கேட்டாள். முன்னால் உட்காரு, மாமாவுக்குப் பக்கத்தில் என்றேன். சரி என்றாள்.

பிள்ளை விஷயத்தில் நீ எழுதியதைப் பல தடவை படித்தேன். "அந்தப் பிள்ளை நீ, இல்லாவிட்டால் நான்" என்கிற இடத்தில் ஒவ்வொரு தடவையும் நின்றுவிட்டேன். என்னைப் போல ஒன்று பிறந்தால் பயமில்லை என்று இதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை. நானும் எனக்குச் சொல்லிக்கொண்டதில்லை. எனக்கும் பிள்ளை வேண்டும், மொழி. இரண்டு பக்கமும் வந்துவிட்டால் என்கிற பயம் எனக்குப் போகவில்லை, போகவும் போகாது. அந்தப் பயத்தை இனி நான் மட்டும் வைத்திருக்க மாட்டேன், உனக்கும் பாதி.

கான்ட்ராக்ட் இந்த மாதக் கடைசியில் முடிகிறது. சித்திரை முடிவதற்குள் பரிசத்துக்கு நாள் பார்க்கச் சொல். காடாம்புலியூர் ஆட்கள் ஒருவரையும் விடாமல் அழைக்கச் சொல். பந்தி போட்ட பிறகு சொன்னால் பாதிப் பேர் கை கழுவப் போயிருப்பார்கள், அதனால் முன்னாலேயே பேசுகிறேன். பிறந்த பிள்ளைக்கு முதல் இரண்டு நாளில் மலம் போகவில்லையென்றால் காம்பைத் தேடாமல் ஆஸ்பத்திரியைத் தேடுங்கள் என்று சொல்கிறேன். அண்ணனைப் பற்றிச் சொல்கிறேன், என்னைப் பற்றிச் சொல்கிறேன். உன்னைப் பற்றிச் சொல்லும்போது உன் முகத்தைப் பார்த்துத்தான் சொல்வேன், நீ தலையைக் குனியக் கூடாது.

தட்டு மாற்றுவதற்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிடுவேன். கேட்ட பிறகு எழுந்து போகிறவர்கள் போகட்டும், நான் யாரையும் தடுக்க மாட்டேன். நீ மட்டும் உட்கார்ந்திரு.

இளவழகன்